இரண்டே வரியில் இருந்தவர்

வேலூரில் பாகாயம் தாண்டிக் கணியம்பாடி போகிற வழியில் எங்களுக்கு 2,400 சதுர அடி மனை ஒன்று இருந்தது. கணவர் இருந்தபோது வாங்கிப் போட்டது. 2021-இல் தலைமையாசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வந்த பணத்தில் அங்கே வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று முடிவு செய்தேன். மகன் புனேயில் இருக்கிறான். கூட நின்று பார்க்க ஆள் கிடையாது. அதன்பின் இரண்டரை ஆண்டு நான் பட்ட பாட்டில் பாதியாவது, கையெழுத்துப் போடும் முன் நாலைந்து கேள்வி கேட்டிருந்தால் வந்திருக்காது. அந்தக் கேள்விகளை எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் இரவு பத்து மணிக்கு மொட்டைமாடியில் கால் வைத்தாலும் சுடும். சுற்றிலும் பாறை மலை. பகலெல்லாம் குடித்த சூட்டை இரவு முழுக்கக் கக்கும். முப்பது வருடம் காங்கிரீட் பெட்டிக்குள் வெந்த எனக்கு, குளிர்ச்சியான வீடு ஒன்று வேண்டும் என்பதுதான் ஒரே ஆசை. அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போனேன். சோதனை முயற்சிக் கட்டடங்கள் செய்கிற ஒரு ஸ்டுடியோவின் மாதிரிகளை அங்கே வைத்திருந்தார்கள். மண் நிறச் சுவர்கள், வளைந்த கூரை, நடுவில் முற்றம். பார்த்ததும் மனம் அதிலேயே போய் உட்கார்ந்துவிட்டது. ஸ்டுடியோவைத் தொடங்கியவர்கள் மூன்று பேர். அவர்களின் அறிமுகக் கையேட்டை வாங்கி வந்து, காட்பாடிக்குத் திரும்பும் ரயிலில் இரண்டு முறை படித்தேன்.

முதலாமவருக்கு ஒன்றரைப் பக்கம். அகமதாபாத்தில் படிப்பு, லண்டனில் மேற்படிப்பு, இரண்டு பரிசுகள், வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் போட்டிக்கு அனுப்பிய வரைபடம். இரண்டாமவர் சிற்பம் படித்தவர். தன்னைக் கட்டுமானப் பொருள் ஆய்வாளர் என்று குறிப்பிட்டிருந்தார். ‘மண் கட்டுமானத்திலும் கவிகைக் கூரையிலும் அனுபவம்’ என்று இருந்தது. கவிகை என்றால் வில் போல வளைத்துக் கட்டுகிற கூரை. மூன்றாமவருக்கு இரண்டே வரி: குடியாத்தம் பக்கத்துக்காரர், பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்துப் பிறகு கட்டடக்கலை படித்தவர். அவ்வளவுதான். நான் ஆசிரியை, மதிப்பெண் பட்டியலைப் பார்த்தே முப்பத்து மூன்று வருடம் ஆளை எடைபோட்டுப் பழகியவள். ஒன்றரைப் பக்கத்துக்காரரை நம்பித்தான் 2022 தை மாதம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். கட்டுமானச் செலவுக்கு 38 லட்சம், அதில் எட்டு சதவீதம் அவர்களுக்குக் கட்டணம், பூமி பூஜையிலிருந்து பதினோரு மாதத்தில் சாவி.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். ஒருவர் எங்கே படித்தார் என்பது தப்பான கேள்வி இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டதுதான் என் தப்பு. கேட்டிருக்க வேண்டியது இது: உங்கள் மூவரில் ஒவ்வொருவரும் அடிவாரம் தொடங்கி ஆள் குடியேறும் வரை நின்று முடித்த கட்டடம் எது, எந்த ஊரில், எந்த ஆண்டு? அதில் உங்கள் கை வேலை எது? இப்போது அதில் யார் குடியிருக்கிறார்கள், நான் போய்ப் பார்க்கலாமா? முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். கோடையில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். அந்த வீட்டுக்காரரிடம், கட்டியவர்கள் இல்லாத நேரத்தில், பீரோவுக்குப் பின்னால் சுவர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

நான் இதைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்: லண்டன்காரர் வரைந்தவற்றில் கட்டி முடிந்தது ஒரு காபிக் கடையின் உள் அலங்காரம் மட்டும். சிற்பியின் கவிகை அனுபவம் பன்னிரண்டு நாள் பயிற்சி முகாம். அங்கே ஆறடி அகலத்தில் ஒரு பந்தல் மாதிரி கட்டி, மூன்று மாதம் கழித்துப் பிரித்துவிட்டார்கள். இதெல்லாம் பொய் இல்லை. கையேட்டில் எழுதியிருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் ‘அனுபவம்’ என்ற சொல்லுக்குள் பன்னிரண்டு நாளும் அடங்கும், பன்னிரண்டு வருடமும் அடங்கும்.

இன்னொன்று பதிவு எண். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி அந்தச் சட்டம் பட்டப்பெயரை மட்டுமே காக்கிறது. பதிவு இல்லாதவர் கட்டடம் வடிவமைப்பதை அது தடுக்கவில்லை. ஆகவே ‘ஸ்டுடியோ’, ‘வடிவமைப்பாளர்’ என்ற பெயர்களோடு யாரும் வரலாம். வரட்டும், குற்றமில்லை. ஆனால் மூவரில் யாருக்குப் பதிவு இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். எண் ‘சிஏ’ என்று தொடங்கி, பதிவு செய்த ஆண்டையும் சொல்லும். மன்றத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். எனக்கு அது தெரிந்தது வரைபட அனுமதிக்குக் கொடுக்கும்போதுதான். பதிவு பெற்றவர் மூன்றாமவர் மட்டும். எல்லாத் தாளிலும் அவர் கையெழுத்து.

2022 சித்திரையில் பூமி பூஜை போட்டோம். சுவருக்கு எலிப்பொறிக் கட்டு என்று முடிவாயிற்று. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி, நடுவில் வெற்றிடம் விட்டு எழுப்புகிற ஒன்பது அங்குலச் சுவர். லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை. கல் ஏறக்குறைய கால் பங்கு குறையும், உள்ளிருக்கும் காற்று வெயிலைத் தடுக்கும். எல்லாம் உண்மை. ஆனால் அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து வந்த மேஸ்திரி முதல் லோடு கல்லைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, “டீச்சரம்மா, இந்தக் கல்லுக்கு இந்த வேலை சேராது” என்றார். நாட்டுச் செங்கல். ஒன்றை ஒன்றின் பக்கத்தில் வைத்தால் கால் அங்குலம், அரை அங்குலம் வித்தியாசம். நிமிர்த்தி வைக்கிற கட்டுக்கு ஒரே அளவான, முனை மழுங்காத கல் வேண்டும். இல்லையென்றால் வித்தியாசத்தையெல்லாம் கலவைதான் நிரப்ப வேண்டும். சென்னைக்குப் போன் போட்டுச் சொன்னேன். நாட்டுக் கல்லின் ஒழுங்கின்மைதான் அழகு என்று பதில் வந்தது. அழகுக்குச் சிமெண்டும் உடைந்து கழிந்த கல்லும் சேர்த்து 1,90,000 ரூபாய் கூடுதல்.

அந்த வாரம் மூன்றாமவர் வந்தார். காட்பாடியிலிருந்து டவுன் பஸ் பிடித்து, இறங்கி நடந்து வந்தார். பேசவே இல்லை. நாலு கல்லை வாளித் தண்ணீரில் போட்டார், இரண்டை ஒன்றோடொன்று தட்டிச் சத்தத்தைக் கேட்டார். அவருடைய அப்பா செங்கல் சூளையில் மேற்பார்வை பார்த்தவராம். கையேட்டில் இது இல்லை. மீதிக்கு ஒரே அளவாக வரும் சேம்பர் கல் எடுக்கச் சொல்லி, சூளைக்கும் தானே பேசினார். அதன்பிறகு வாரம் ஒருமுறை அவர் வருகிற நாளில் வேலை ஓடும். மற்றவர்கள் வருகிற நாளில் போட்டோ எடுப்பார்கள்.

2022 நவம்பரில் அவர் ஸ்டுடியோவிலிருந்து விலகிவிட்டார். என்ன தகராறு என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: ‘எங்கள் குழுவில் சிறு மாற்றம்’. வேலூரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று உண்டு: நீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் லிங்கம் திரும்பி வந்ததும் அந்தப் பட்டியலில் ஒன்று குறைந்தது. குறைந்த அந்த ஒன்று என் மனைக்கு வந்து சேர்ந்தது போலிருந்தது.

அதன் பிறகு இரண்டரை மாதம் வேலை நின்றது. அனுமதித் தாளில் கையெழுத்திட்டவர் போய்விட்டதால், பதிவு பெற்ற வேறொருவரின் கையெழுத்தோடு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள் அனுமதி அலுவலகத்தில். அந்த வேறொருவரைத் தேடுவது என் வேலையாகிவிட்டது. ஒப்பந்தத்தை எடுத்து அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். அதில் ஸ்டுடியோவின் பெயர் இருந்தது. ஆளின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. நீங்கள் எழுதும்போது, தளத்துக்கு வரப்போகிறவர் யார், மாதம் எத்தனை முறை, அவர் விலகினால் யார், அந்த மாற்றம் எனக்குப் பிடிக்காவிட்டால் அதுவரை செய்த வேலைக்குக் கணக்கு முடித்துக்கொண்டு வரைபடங்களோடு நான் போகலாமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். கட்டணத்தை முடிவான செலவின் சதவீதமாக எழுதாதீர்கள். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். செலவு 38 லட்சத்திலிருந்து 52 லட்சம் ஆனபோது அவர்கள் கட்டணமும் 3,04,000-இலிருந்து 4,16,000 ஆனது. அவர்கள் தவறுக்கும் சேர்த்து நான் எட்டு சதவீதம் கொடுத்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. 14 லட்சம் கூடியதற்கு முழுப் பழியும் அவர்கள் மேல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேக்குக் கதவு, முற்றத்துத் தூண்கள் என்று பாதியை நானே ஆசைப்பட்டு ஏற்றினேன்.

வேலை நின்று கிடந்த மாதங்களில், கோபத்தில் என்றே வைத்துக்கொள்ளுங்கள், இந்தச் சோதனை முயற்சிக்காரர்களைப் பற்றி நிறைய வாசித்தேன். 1961-இல் லண்டனில் ஆர்க்கிகிராம் என்று ஓர் இதழ் தொடங்கினார்கள். நடக்கும் நகரம், கூடுகளைச் செருகும் நகரம் என்றெல்லாம் வரைந்த குழு. வரைந்ததில் பெரும்பாலானவை கட்டப்படவே இல்லை. ஆனால் அந்த ஆறு பேரில் வாரன் சாக், ரான் ஹெரன், டென்னிஸ் கிராம்ப்டன் மூவரும் லண்டன் நகரசபையின் கட்டடக்கலைப் பிரிவில் வேலை பார்த்தவர்கள். 1967-இல் திறந்த குவீன் எலிசபெத் இசையரங்கில் அவர்கள் கை இருக்கிறது. கனவு காண்கிற குழுவிலேயே பாதிப்பேர் சிமெண்ட் தூசி பார்த்தவர்கள். வியன்னாவில் 1968-இல் மூன்று பேர் தொடங்கிய கூப் ஹிம்மெல்பிளாவ் என்ற ஸ்டுடியோவிலும், மூவரில் ஒருவர் 1971-இல் விலகியிருக்கிறார். இவர்களுக்கும் இப்படியா என்று எனக்கு அற்பமான ஒரு நிம்மதி. லாரி பேக்கர் கதை வேறு. 1945-இல் தொழுநோயாளர்களுக்கான கட்டடங்களைக் கவனிக்க இந்தியா வந்து, பித்தோராகர் மலைப்பக்கத்தில் பல வருடம் உள்ளூர்க்காரர்கள் கல்லையும் மண்ணையும் கையாளுவதைப் பார்த்துக் கற்றவர். அவர் பர்மிங்ஹாமில் படித்தவர் என்பதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

மூன்றாமவர் போன பிறகு கூடத்துக்குக் கவிகைக் கூரை போடும் வேலையைச் சிற்பி எடுத்துக்கொண்டார். பதினான்கடி அகலம். அதற்கு இரும்பில் வளைவுச் சட்டம் செய்யச் சொன்னார். சத்துவாச்சாரியில் ஒரு பட்டறையில் 1,85,000 ரூபாய்க்குச் செய்தோம். சட்டம் வந்து இறங்கிய அன்று மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சுவரைக் கரண்டிப் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார். டொக் டொக் என்று பொத்தலான சத்தம். “உள்ளே காலி. இதன் தலையில் அதை எப்படி ஏற்றுவது? விரித்துவிடும்” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் ஓய்வுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைத் தேடிப் பிடித்து, 6,000 ரூபாய் கொடுத்துக் கூட்டி வந்தேன். அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். கவிகை பாரத்தைக் கீழே மட்டும் இறக்காது, சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். அதைத் தாங்கத் தடித்த சுவர் வேண்டும், அல்லது முட்டுச் சுவர், அல்லது குறுக்கே இழுத்துப் பிடிக்கும் கம்பி. வரைபடத்தில் மூன்றும் இல்லை. மேஸ்திரி தட்டிப் பார்த்துச் சொன்னதைத்தான் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொன்னார். கவிகையைக் கைவிட்டு, ஓடுகளை இடையில் பதிக்கிற சாதாரணத் தளம் போட்டோம். சட்டம் இன்றும் பின்பக்கம் சாய்ந்து நிற்கிறது, அவரைக்கொடி ஏறியிருக்கிறது.

எந்த ஸ்டுடியோவானாலும், அவர்களுக்கென்று கட்டமைப்புப் பொறியாளர் யார், அவர் எந்தத் தாளில் கையெழுத்திடுகிறார் என்று கேளுங்கள். வழக்கமான வீட்டுக்கு இது அவ்வளவு பெரிதாகத் தெரியாது. மேஸ்திரிக்குக் கைப்பழக்கம் இருக்கிறது. புது முறைக்குக் கைப்பழக்கம் கிடையாது, ஆகவே கணக்குதான் துணை. இப்போது நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் மிச்சம்தான். ஆனால் சுவர் தாங்குமா என்று அலுவலகம் பார்த்துச் சொல்லும் என எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது.

மின்சாரக் குழாய்க் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எலிப்பொறிக் கட்டில் குழாயைச் சுவர் எழும்பும்போதே வெற்றிடத்துக்குள் விட்டுவிட வேண்டும். மூன்றாமவர் இருந்தவரை அப்படி நடந்தது. பிறகு கட்டிய இரண்டு அறைகளில் எல்லாம் முடிந்தபின் சுவரைக் கொத்தினார்கள்; கல் நொறுங்கி 60,000 போயிற்று. 2023 மார்ச்சில் வரவேண்டிய சாவி 2024 ஏப்ரலில் வந்தது. கூடுதல் பதின்மூன்று மாதம், மாதம் 11,500 வாடகை, 1,49,500.

குடிவந்த முதல் அக்கினி நட்சத்திரத்தில் வெளியே 41 டிகிரி இருந்த நாளில் கூடத்துச் சுவரில் மாட்டிய வெப்பமானி 34 காட்டியது. மத்தியானம் மூன்று மணிக்கு முற்றத்து வெளிச்சம் சுவரில் நகர்வதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போவேன். அந்த வெளிச்சம் லண்டன்காரரின் கைவண்ணம். அதை மறைத்தால் எனக்குப் பாவம்.

ஐப்பசி வந்தது. மழை இரண்டு நாள் பிடித்து, விட்டு, நாலு நாள் வெயிலும் அடித்துவிட்டது. அதன் பிறகு படுக்கையறையில் தரையை ஒட்டி ஒரு முழ உயரத்துக்குச் சுவர் கறுக்கத் தொடங்கியது. கூரை காய்ந்திருக்கிறது, சன்னல் காய்ந்திருக்கிறது, கீழே மட்டும் ஈரம். தரையிலிருந்து ஏறுகிறது என்று ஒருவர் சொல்லி ஏதோ ரசாயனம் பூசினார். நிற்கவில்லை. கடைசியில் பழைய மேஸ்திரியையே கூப்பிட்டேன். சுவரை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தவர், தரைக்கு நாலு அங்குலம் மேலே சத்தம் மாறுகிற இடத்தில் நின்றார். துளைப்பானால் சின்னதாக ஓர் ஓட்டை போட்டார். உள்ளேயிருந்து தண்ணீர் விரல் தடிமனுக்கு வந்தது. சமையலறைக்கு ஓடிச் சொம்பை எடுத்து வந்து பிடித்தேன். நிரம்பியது. இன்னொரு சொம்பும் நிரம்பியது. செம்மண் நிறத் தண்ணீர். மழை பெய்து ஒரு வாரமாகச் சுவர் வயிற்றில் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அந்த வாரம் மூன்றாமவரின் எண்ணைத் தேடிப் பேசினேன். அவருக்கு வர வேண்டிய கடமை ஒன்றும் இல்லை; ஞாயிற்றுக்கிழமை வந்தார். நேராக மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரின் மேல் பூச்சைச் சுரண்டினார். எலிப்பொறிக் கட்டில் அடி வரிசையும் மேல் வரிசையும் கல்லைப் படுக்க வைத்து வெற்றிடம் இல்லாமல் மூட வேண்டுமாம். என் கைப்பிடிச் சுவரில் மேல் வரிசை அப்படி இல்லை. வெறும் பூச்சு மட்டும். பூச்சு வெடித்த இடத்தில் மழை உள்ளே இறங்கியிருக்கிறது. பையிலிருந்து பழைய தாளை எடுத்துக் காட்டினார். அவர் கையெழுத்தில் பொடி எழுத்தில் இருந்தது: ‘மேல் வரிசை மூடிய கட்டு’. கவிகையை மாற்றிய பிறகு சென்னையிலிருந்து வந்த புதுத் தாளில் அந்தக் குறிப்பு இல்லை. யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. அது எதற்கு இருக்கிறது என்று தெரிந்தவர் அங்கே இல்லை, அவ்வளவுதான். வரைபடம் மாறி வரும்போதெல்லாம் பழைய தாளைத் தூக்கிப் போடாதீர்கள்; இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்த எழுத்து காணாமல் போனது என்று பாருங்கள். அதற்குப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. விடைத்தாள் திருத்தியவர்களுக்கு ரொம்பச் சுலபம்.

கைப்பிடிச் சுவரின் மேல் இரண்டு வரிசையைப் பிரித்து மூடிக் கட்ட 85,000 ஆயிற்று. கல், சட்டம், குழாய், கட்டணம், வாடகை எல்லாம் சேர்த்துத் தண்டமாகப் போனது மட்டும் 7,81,500 ரூபாய். மூன்றாமவர் பணம் வாங்கவில்லை. மேஸ்திரியோடு உட்கார்ந்து பிரிஞ்சி சாப்பிட்டுவிட்டுப் போனார். இப்போது தனியாக வேலை எடுத்துச் செய்கிறார். அறிமுகக் கையேடு இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார்.

படுக்கையறையில் போட்ட அந்த ஓட்டையை நான் பூசி அடைக்கவில்லை. வேப்பங்குச்சியைச் சீவி ஆப்பு வைத்திருக்கிறேன். மழை பெய்த மறுநாள் காலையில் காபி வைப்பதற்கு முன் அதைப் பிடுங்கிப் பார்ப்பேன். இந்த ஐப்பசியில் இதுவரை ஒரு சொட்டும் வரவில்லை.